கட்டம் எட்டு

வருட அறிக்கைக்குப் பன்னிரண்டு கட்டங்கள்.
தலைமைச் சபையிலிருந்து தபாலில் வந்த படிவம்,
மழை பட்டுக் கட்டம் மூன்று கரைந்திருந்தது.
செயலாளர் நான். நான்தான் நிரப்ப வேண்டும்.

ஞாயிறு வருகை, சராசரி பத்தொன்பது.
இரணைமடு வான்கதவு திறந்த வாரம் மட்டும் ஆறு.
ஞானஸ்நானம் ஒன்று. திருமணம் இல்லை.
அடக்கம் இரண்டு.

கட்டம் ஏழு கேட்கிறது:
இவ்வாண்டு சீஷரானோர் எத்தனை பேர்?
பேனாவை மூடிவைத்தேன்.
சாந்தபுரத்தில் யாரிடம் போய்க் கேட்பது,
நீங்கள் ஆகிவிட்டீர்களா, இன்னும் பாதியா என்று.

கட்டம் எட்டு: சமூகப் பணி.
மூன்று வரிகளுக்கு மிகாமல்.

செவ்வாய்க்கிழமைகளை எழுதலாம்.
செவ்வாய்தான் கடன்காரப் பொடியங்கள் வருகிற நாள்.
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே
படலையில் நின்று பெயர் கூப்பிடுவார்கள்.
யோகராணி வீட்டில் கோழிகள்தான் முதலில் ஒளியும்.
ஒருநாள், காசு வராமல் போகமாட்டோம் என்று
இரவு எட்டரை வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.
உள்ளே அவளும் இரண்டு பிள்ளைகளும்,
விளக்குப் போடாமல்.

அவள் எங்கள் சபை இல்லை.
சந்திப் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள்.
அவருக்கும் அவளுடைய தவணை மனப்பாடம்.

புதன் இரவு வேத வகுப்பு.
அயலான் யார் என்கிற பகுதி.
பரந்தனில் டயர் போய்ப் போதகர் வரவில்லை.
நாங்களே வாசித்தோம்,
நாங்களே விளங்காமல் இருந்தோம்.
பேக்கரியில் இரவுவேலை செய்கிற,
வகுப்பில் பாதி நேரம் தூங்குகிற ஜெபமலர்
கண் திறக்காமலே சொன்னாள்:
"அவங்கள் உட்கார்ந்திருக்கலாமெண்டால்
நாங்களும் உட்காரலாம்தானே."

அடுத்த செவ்வாய்
ஆலயத்துப் பிளாஸ்டிக் கதிரைகள் ஆறு
சத்தியதாசின் லான்ட்மாஸ்டரில் ஏறி
யோகராணியின் முற்றத்தில் இறங்கின.
பிரசங்கம் இல்லை. பாட்டு இல்லை.
ஜெபமலர் பயற்றங்காய் முறித்தாள்.
எனக்குக் கை நடுங்கியது.
தேயிலை மலையிலிருந்து
எழுபத்தேழில் ஓடிவந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள்.
பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள்,
முகாமில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.
கூப்பிட்ட பெயருக்கு நல்லது நடந்ததாக
எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

பொடியன் வந்தான்.
"யோகராணி!"
ஆறு பேரும் "ஓம்" என்றோம்.

அவன் தாளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.
சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை.
தருமபுரத்துப் பிள்ளையாம்,
வசூல் குறைந்தால் அவன் சம்பளத்தில் வெட்டுவார்களாம்.
ஏழாவது கதிரை கொண்டுவரவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

மறுவாரம் போதகரின் கைபிடிக் கதிரையைத் தூக்கிப்போனோம்.
அவன் உட்காரவில்லை.
நின்றபடி தண்ணீர் குடித்தான்,
மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு.

சிங்களத்தில் இருந்த ஒப்பந்தத்தை
சத்தியதாசின் மகள் இரண்டு இரவு படித்தாள்.
மேலாளரிடம் நான்கு முறை போனோம்.
கடன் தீரவில்லை.
வாரத் தவணை மாதத் தவணையானது, அவ்வளவுதான்.

யோகராணி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை.
நாங்கள் கேட்டதுமில்லை.
ஆனால் போன செவ்வாய்
ஒழுங்கையின் கடைசி வீட்டுக் கோகிலத்தின் முற்றத்தில்
தன் வீட்டு முக்காலியைப் போட்டு
அவள் தனியே உட்கார்ந்திருந்தாள்.
எங்களுக்குச் சொல்லவில்லை.
யாரும் அனுப்பவுமில்லை.

கட்டம் ஏழில் 'ஒன்று' என்று எழுதினேன்.
பிள்ளையார் ஞாபகம் வந்தது. வெட்டினேன்.
வெட்டியதும் சரியாகப் படவில்லை.
அதை அப்படியே விட்டுவிட்டுக்
கட்டம் எட்டுக்கு வந்தேன்:

கதிரைகள் மொத்தம் ஆறு.
ஒன்றுக்குக் கால் முறிந்துவிட்டது.
இன்னும் பத்தாவது அனுப்பிவையுங்கள்.